சுகர் மீட்டரை ஜோடி ஜோடியாகப் பார்ப்பது எப்படி

வெறும் வயிற்றில் மீட்டர் 90 என்று காட்டினால், 100 மில்லி ரத்தத்தில் 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். உடம்பில் ஓடும் ரத்தம் 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தமே நாலரை கிராம்தான், ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். மதியம் 250 கிராம் சோறு போட்டுக்கொண்டால் அதில் மட்டும் 70 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. பதினைந்து டீஸ்பூன் உள்ளே வந்தும் ரத்தத்தில் அளவு 140-ஐத் தாண்டாமல் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது என்றால், வருகிற வேகத்துக்கே அதை யாரோ அள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணையம் இன்சுலின் என்ற ஹார்மோன் வழியாக உத்தரவு போடுகிறது. கல்லீரலும் தசையும் கொழுப்புத் திசுவும் அள்ளுகின்றன. இவர்களில் ஒருவர் மந்தமானாலும் எண் ஏறும்.

'இன்று காலை 148' என்ற ஒற்றை எண்ணை வைத்து யார் மந்தம் என்று சொல்ல முடியாது. அது முந்தைய இரவுச் சாப்பாட்டின் மிச்சமாக இருக்கலாம், கல்லீரல் விடியற்காலையில் கொட்டியதாக இருக்கலாம், விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாறாகக்கூட இருக்கலாம். முன்னும் பின்னுமாக இரண்டு எண் எடுத்தால்தான் கதை தெரியும். எந்த இரண்டு நேரங்களை ஜோடி சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எந்த உறுப்பின் வேலை தெரிகிறது என்பதும் மாறும்.

இது முக்கியமாக இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும், எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கும். இன்சுலின் போடுபவர்கள் இதைவிட அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்கு அளவுகளே வேறு: வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள்.

முதலில் மீட்டர் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

வீட்டு மீட்டருக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரம் உண்டு. 2013-இல் வந்த பதிப்பின்படி 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 15 வரையும், 100-க்குக் கீழே 15 மில்லிகிராம் வரையும் மீட்டர் விலகலாம்; நூறு சோதனையில் 95 இந்த வரம்புக்குள் இருந்தால் போதும். அதாவது உண்மையான அளவு 160 என்றால் மீட்டர் 136 என்றும் காட்டலாம், 184 என்றும் காட்டலாம், இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவைதான். ஒரே நிமிடத்தில் இரண்டு விரலில் பார்த்து 152, 163 என்று வந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இந்த விலகலுக்கு மேல் நாமே சேர்க்கிற பிழைகள்தான் பெரிது. கையை சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாக ஈரம் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த கையில் அப்படியே குத்தினால் நூற்றுக்கணக்கில்கூட எண் ஏறிக் காட்டும், ஏனென்றால் ஸ்ட்ரிப் உறிஞ்சுவது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம். அதில் கண்ணுக்குத் தெரியாத துளி சர்க்கரை கலந்தாலும் போதும். சானிடைசர் போட்டால் முழுக்கக் காயும்வரை பொறுங்கள். ஈரக் கையில் ரத்தம் நீர்த்து எண் குறைந்து வரும்.

நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல் இவற்றின் பக்கவாட்டில் குத்துவது நல்லது. நுனியின் நடுவில் நரம்பு முனைகள் நெருக்கம், வலி அதிகம். கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். குத்திய இடத்தையே பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். ரத்தம் வரவில்லை என்றால் குத்தும் பேனாவின் ஆழ எண்ணை ஒரு படி கூட்டுங்கள். ஊசியைத் தினமும் மாற்றுங்கள், வீட்டில் இரண்டு பேர் ஒரே ஊசியையோ ஒரே பேனாவையோ பகிர வேண்டாம். போட்ட ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.

ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. மூடியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு விரலைத் தேடுவதுதான் ஸ்ட்ரிப் கெடுவதற்கு முதல் காரணம், அதிலும் கடற்கரை ஊர்களில். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் வேர்க்கும். வெயிலில் நிற்கும் காரிலும் வைக்கக் கூடாது. திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதுங்கள், திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது லேபிளில் இருக்கும்.

ரத்தசோகை இருந்தால் பெரும்பாலான மீட்டர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ரத்தம் கெட்டியாக இருந்தால் குறைத்துக் காட்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள் சிலவகை ஸ்ட்ரிப்பைப் பயன்படுத்தவே கூடாது. ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்திலிருந்து வரும் மால்டோஸை அவை குளுக்கோஸ் என்று எண்ணிக் கூட்டிவிடும். உண்மையில் தாழ்ந்துகொண்டிருக்கும்போது மீட்டர் உயர்வாகக் காட்டும். டயாலிசிஸ் பிரிவிலேயே எந்த மீட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

லேப் எண்ணோடு ஒப்பிடுவதாக இருந்தால் வெறும் வயிற்றில் மட்டும் ஒப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு விரல்நுனி ரத்தத்தில் அளவு கூடுதலாகவும், திசுக்கள் எடுத்துக்கொண்ட பின் திரும்பி வரும் சிரை ரத்தத்தில் (லேபில் கையில் ஊசி குத்தி எடுப்பது இதைத்தான்) குறைவாகவும் இருக்கும். லேபிலும் ஒரு சங்கதி உண்டு: எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் ரத்த அணுக்களே குளுக்கோஸைத் தின்று மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 வரை குறைத்துவிடும். பத்து மணிக்கு எடுத்து மதியம் வேறு ஊருக்கு அனுப்பும் மாதிரியில் எண் அழகாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் மீட்டர்களில் 6.2 என்பதுபோல வரும். அதை 18-ஆல் பெருக்கினால் நம்மூர் எண்.

கல்லீரலைப் பார்க்கும் ஜோடி: படுக்கும் முன், எழுந்ததும்

'ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் 150. எங்கிருந்து வந்தது?' சர்க்கரை நோய் மருத்துவர்கள் அன்றாடம் கேட்கும் கேள்வி இது. வந்தது கல்லீரலிலிருந்து.

கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சுமார் 100 கிராம் சேமிப்பு உண்டு. தசைகளில் 300, 400 கிராம் இருந்தாலும் தசை தன் சேமிப்பை ரத்தத்துக்குத் திருப்பித் தராது; அதற்கான நொதி தசையில் இல்லை. ஆகவே இரவெல்லாம் மூளைக்குப் படியளப்பது கல்லீரல்தான். மூளை நாளுக்கு 120 கிராம், மணிக்கு 5 கிராம் கேட்கிறது. 60 கிலோ எடையுள்ளவரின் கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் வெளியே விடுகிறது. சேமிப்பு குறையக் குறைய லாக்டேட், அமினோ அமிலம், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால் இவற்றைக் கொண்டு புதிதாகவே குளுக்கோஸ் செய்கிறது. இந்தக் குழாய் அளவோடு திறந்திருக்கக் காரணம், கணையம் இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக அனுப்பும் இன்சுலின். அது கல்லீரலின் காதில் விழவில்லை என்றால் 7 என்பது 9 ஆகும், 10 ஆகும். விடியற்காலை 4 மணி வாக்கில் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறும்போது குழாய் இன்னும் கொஞ்சம் திறக்கும்.

பார்க்கும் முறை எளிது. இரவுச் சாப்பாட்டை எட்டு, எட்டரைக்குள் முடியுங்கள். பிறகு பால், பழம், பிஸ்கட் எதுவும் வேண்டாம். பத்தரைக்கு ஒரு சோதனை. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள், காபிக்கு முன்னால், இன்னொன்று. மூன்று இரவுகள் இப்படி.

இரவில் 130, காலையில் 125 என்றால் கல்லீரல் கட்டுக்குள் இருக்கிறது. இரவில் 180, காலையில் 175 என்றால் குற்றம் கல்லீரல்மேல் இல்லை. இரவுச் சாப்பாடு ஏற்றியது இறங்கவில்லை. இரவில் 120, காலையில் 165 என்றால்தான் கல்லீரலைக் குறைசொல்ல வேண்டும். அப்போது ஒன்றிரண்டு நாள் அலாரம் வைத்து 3 மணிக்கும் பாருங்கள். மூன்று மணிக்கும் நன்றாக இருந்து காலையில் ஏறினால் அது விடியல் ஏற்றம். மூன்று மணிக்கே ஏறியிருந்தால் பரோட்டா, பிரியாணி மாதிரி எண்ணெய்ச் சாப்பாடு தாமதமாகச் செரித்திருக்கலாம். மூன்று மணிக்கு 70-க்குக் கீழே என்றால் அந்தத் தகவலோடு அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள், மருந்தின் அளவு கூடிப்போயிருக்கலாம். 'ராத்திரி தாழ்ந்ததால்தான் காலையில் எகிறியது' என்று பலரும் சொல்வார்கள். நடப்பது அபூர்வம், எண்ணைப் பார்க்காமல் அப்படி முடிவுகட்டி இரவு மாத்திரையை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

காலை எண் அதிகம் என்று காலை உணவைத் தள்ளிப்போடுவதும் உதவாது. சிலருக்கு ஒன்பது, பத்து மணி வரை கல்லீரல் கொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு வாய் சாப்பிட்டு இன்சுலின் சுரந்த பிறகுதான் குழாய் மூடும். மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கியமான வேலை இடம் இந்தக் கல்லீரல்தான். அதனால் இந்த ஜோடியில் தெரியும் ஏற்றம் உங்கள் மருத்துவருக்கு நேரடியாகப் பயன்படும்.

கணையத்தைப் பார்க்கும் ஜோடி: முதல் வாய்க்கு முன், இரண்டு மணி நேரம் கழித்து

கடிகாரம் தொடங்குவது முதல் கவளத்தில், கை கழுவும்போது அல்ல. சாப்பிட்டு முடித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் எண்ணுபவர்களுக்கு எண் எப்போதும் கொஞ்சம் அழகாகவே வரும்.

உணவு குடலில் இறங்கியதும் குடலே ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்களை அனுப்பிக் கணையத்தை உஷார்ப்படுத்துகிறது. அதனால்தான் அதே அளவு குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவதைவிட வாயால் குடிக்கும்போது இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. கணையத்தின் பீட்டா செல்கள் தயாராக வைத்திருக்கும் இன்சுலினை முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரே வீச்சில் விடுகின்றன. பிறகு புதிதாகச் செய்து மெதுவாக விடுகின்றன. அந்த முதல் வீச்சு போர்ட்டல் சிரை என்ற ரத்தக் குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போய் 'சாப்பாடு வந்துவிட்டது, கொட்டுவதை நிறுத்து' என்று சொல்கிறது. இரண்டாம் வகை சர்க்கரை நோயில் முதலில் தொலைவது இந்த முதல் வீச்சுதான். கல்லீரலும் நிறுத்தாது, சோறும் வரும், இரண்டும் சேர்ந்து ஏறும். வெறும் வயிற்றில் 105 இருப்பவருக்குச் சாப்பிட்டபின் 210 வருவதன் காரணம் இது. வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவர்கள் பல வருடம் இதைத் தவறவிடுகிறார்கள்.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் கீழே வந்துவிடும். நோய் உள்ளவர்களுக்குப் பொதுவான இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்டபின் உச்சத்தில் 180-க்குள். சிறுநீரகம் குளுக்கோஸை வெளியே விடத் தொடங்குவதும் ஏறத்தாழ 180-இல்தான். இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுவது அதனால். வயதானவர்களுக்கு மருத்துவர் இலக்கைத் தளர்த்தி வைத்திருக்கலாம். அதுவே உங்கள் இலக்கு.

ஆனால் இந்த ஜோடியில் பார்க்க வேண்டியது இரண்டு எண்களின் வித்தியாசத்தை. 40, 50-க்குள் என்றால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துப்போகிறது. மீட்டரின் விலகலே இருபது இருக்கலாம் என்பதால் ஒரு தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதே சாப்பாட்டை மூன்று நாள் பாருங்கள், பிறகு ஒன்றே ஒன்றை மாற்றி மூன்று நாள் பாருங்கள். நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்று மூன்று நாள். மூன்று இட்லி, கெட்டியான சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று மூன்று நாள். மதியம் சோறு முதலில் என்று மூன்று நாள். பொரியல், கூட்டு, பருப்பு முதலில் தின்று கடைசியில் சோறு என்று மூன்று நாள். பண்டங்கள் மாறாமல் வரிசை மட்டும் மாறினாலே உச்சம் இறங்குவதைப் பலர் பார்க்கலாம், ஏனென்றால் நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும்.

மீட்டரை வைத்துப் பார்த்தால் சில நம்பிக்கைகள் ஆட்டம் காணும். ராகிக் கூழ் அதில் ஒன்று. அரைத்து மாவாக்கி, கொதிக்கவைத்து, கரைத்துக் குடிக்கும் எதுவும் சீக்கிரம் செரிக்கும். தானியத்தின் பெயர் ராகி என்பது குடலுக்குத் தெரியாது. கஞ்சியும் அப்படியே. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியும் எண் இறங்காததில் ஆச்சரியம் இல்லை: நாலு சப்பாத்தியின் மாவுச்சத்து ஒரு நல்ல தட்டுச் சோற்றுக்குச் சமம், குறைவது எண்ணிக்கையைக் குறைத்தால்தான். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையும் அதுதான். பழைய சோற்றில் ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி செரிக்காத வடிவுக்கு மாறுவது உண்மை. அதை நம்பி இரண்டு மடங்கு சாப்பிட்டால் மிச்சமாவது ஒன்றும் இல்லை.

பிரியாணி நாளில் இரண்டு மணி எண் 150 வந்து மனசு குளிரும். கொழுப்பு செரிமானத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது, நாலாவது மணி நேரத்திலும் ஒரு ஸ்ட்ரிப் செலவு செய்யுங்கள்.

தசையைப் பார்க்கும் ஜோடி: நடைக்கு முன், பின்

தசை செல்லுக்குள் குளுக்கோஸ் போக குளுட் 4 என்ற கதவு செல்லின் மேற்பரப்புக்கு வர வேண்டும். சாதாரணமாக அதைக் கொண்டுவருவது இன்சுலின். தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது இன்சுலினின் துணை இல்லாமலே அதே கதவு மேலே வரும். இன்சுலினுக்குக் காது கொடுக்காத தசைகூட நடைக்குக் காது கொடுக்கிறது.

சாப்பிடத் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் பார்க்கவும். 15 முதல் 20 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடக்கவும். உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்துப் பார்க்கவும். இன்னொரு நாள் அதே சாப்பாட்டுக்கு அதே நேரத்தில் நடக்காமல் உட்கார்ந்தபடி அதே இரண்டு சோதனைகளைச் செய்து பக்கத்தில் எழுதவும். அந்த ஒப்பீடு இல்லாமல் நடைக்கு மட்டும் பெருமை சேர்க்க முடியாது, தானாகவே இறங்கும் நேரமாகவும் இருக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் நடப்பது சாப்பாட்டு உச்சத்தை நன்றாக மழுக்கும். ஓட்டப் பந்தயம், கனமான எடை தூக்குவது போன்ற கடும் பயிற்சியில் அட்ரினலின் சுரந்து எண் தற்காலிகமாக ஏறும். பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கும்.

எண் 70-க்குக் கீழே போனால்

இயல்பான உடம்பில் 80-ஐ நெருங்கும்போதே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். 70-க்குச் சற்றுக் கீழே குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் சுரந்து கல்லீரலைக் கொட்டச் சொல்லும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி எல்லாம் அட்ரினலினின் வேலை. 50-க்குக் கீழே மூளை தடுமாறும். மாத்திரையாலோ ஊசியாலோ உள்ளே போன இன்சுலின் வேலையை உடம்பால் குறைக்க முடியாது, முதல் காவல் அங்கேயே போய்விடுகிறது. மது குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்வதும் நின்றுவிடும்.

15 கிராம் குளுக்கோஸ், அதாவது சற்றுக் குவித்து மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. 70-ஐத் தாண்டியதும் அடுத்த வேளைச் சாப்பாடு தூரம் என்றால் இரண்டு இட்லியோ ரொட்டியோ சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு தாமதப்படுத்தும். வோக்ளிபோஸ், அகார்போஸ் எடுப்பவர்கள் வீட்டுச் சர்க்கரையை நம்பக் கூடாது. அந்த மாத்திரை சுக்ரோஸ் உடைவதைத் தடுக்கிறது, குளுக்கோஸ் பொடிதான் வேலை செய்யும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்களுக்கு ஒரு முறை ஏறிய பிறகும் பல மணி நேரம் மறுபடி மறுபடி தாழலாம், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால். அவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகலாம், வியர்வை மட்டும் மிஞ்சும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

மறுபக்கம், 300-க்கு மேல் நின்று வாந்தி, வயிற்று வலி, பெருமூச்சு சேர்ந்தால் கீட்டோன் (கொழுப்பு உடையும்போது வரும் அமிலப் பொருள்) ரத்தத்தில் ஏறியிருக்கலாம், காத்திருக்கக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு மீட்டரில் 200-க்குள் இருக்கும்போதும் இது வரலாம்.

ஸ்ட்ரிப் கணக்கும் குறிப்பேடும்

முதல் வாரம் 14 ஸ்ட்ரிப் போதும்: மூன்று இரவு கல்லீரல் ஜோடிக்கு 6, காலை, மதியம், இரவுச் சாப்பாட்டு ஜோடிகளுக்கு ஆளுக்கொரு நாள் வீதம் 6, நடைக்கு 2. உட்கார்ந்த நாளின் ஒப்பீடும் ஒரே சாப்பாட்டை மூன்று நாள் பார்ப்பதும் அடுத்த வாரங்களுக்கு, ஜோடிக்கு ஆறாறு ஸ்ட்ரிப்பாக. தினமும் ஒரே நேரத்தில் பார்த்து மாதம் 30 ஸ்ட்ரிப் செலவழிப்பதைவிட இதில் விஷயம் அதிகம். எண்ணோடு நேரம், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை, எந்த மாத்திரை எப்போது, தூக்கம், காய்ச்சல், பல் வலி எல்லாம் ஒரு வரியில் எழுதுங்கள். காய்ச்சல் நாளின் எண்களைத் தனியாக வட்டமிடுங்கள். மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ காலையில் பிரெட்னிசோலோன் எடுத்தால் மதியத்திலிருந்து மாலை வரை ஏறும், காலை எண் நன்றாகவே இருக்கும், அதையும் எழுதுங்கள்.

மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 7 என்றால் சராசரி அளவு ஏறத்தாழ 154. உங்கள் குறிப்பேடும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, நீங்கள் பார்க்காத நேரத்தில், அநேகமாகச் சாப்பாட்டுக்குப் பின், எண் ஏறிக்கொண்டிருக்கிறது. மற்றது ரத்தசோகை: இரும்புச் சத்துக் குறைவு எச்பிஏ1சியைக் கூட்டிக் காட்டும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்கள் குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபின் அறிக்கையையும் குறிப்பேட்டோடு சேர்த்து எடுத்துப் போங்கள். மாத்திரையின் அளவை மாற்றுவது அந்த மேசையில் நடக்கட்டும், சமையலறையில் வேண்டாம்.